அக்கரைப்பற்றில் இருக்கும் லைசன்ஸ்

கேள்வி: ஐயா, அக்கரைப்பற்றில் ட்ரபிக் பொலிஸ் மறித்தார்கள். பின்னால் இருந்த மனைவி ஹெல்மெட் போடவில்லை. லைசன்ஸை எடுத்துக்கொண்டு தண்டத்தாள் தந்தார்கள். அறுவடை வேலையில் காசு கட்ட மறந்து 19 நாளாகிவிட்டது. "லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்கும், தொலைந்துவிட்டது என்று முறைப்பாடு போட்டுப் புதிசு எடு" என்கிறார் மச்சான். என்ன செய்யட்டும்?
- வாசகர், பெரியகல்லாறு

பதில்: மச்சானின் யோசனையைத் தள்ளிவையுங்கள் தம்பி. லைசன்ஸ் ஒரு பொலிஸ் நிலையத்தில் பத்திரமாக இருக்க, இன்னொரு பொலிஸ் நிலையத்தில் போய்த் தொலைந்தது என்று எழுதிக்கொடுப்பது பொய் முறைப்பாடு. ஹெல்மெட் குற்றத்தைவிட அது பெரிய வில்லங்கம்.

சஸ்பெண்டும் ஆகவில்லை. அதை நீதிமன்றம்தான் செய்யும். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் நேரே நீதவான் முன்தான். தண்டம் குறைந்தது 25,000 ரூபா, லைசன்ஸையும் 12 மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். உங்கள் கதை அதுவல்ல.

உங்களிடம் உள்ள தாள்தான் தற்காலிக அனுமதிப்பத்திரம். 14 நாள்தான் செல்லும். அதற்குள் கட்டினால் எழுதிய தொகை, பிந்தினால் 28 நாள் வரை இரட்டிப்பு. நீங்கள் இப்போது இரட்டிப்புக் கணக்கில் நிற்கிறீர்கள். (இதழ் வெளிவரும்போது அந்தக் கெடுவும் போய்விடும் என்பதால் உங்களுக்குத் தபாலட்டையில் பதில் அனுப்பிவிட்டேன். இது மற்றவர்களுக்கு.)

காசை எந்தத் தபால் கந்தோரிலும் கட்டலாம், கல்லாற்றிலேயே கட்டுங்கள். ஆனால் கட்டியதும் லைசன்ஸ் தானாக வீடு தேடி வராது. நான் தபாலதிபராக இருந்த காலத்தில், கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். சிலருடைய பற்றுச்சீட்டு சலவையில் கரைந்தும் போனது. அந்தச் சீட்டை, தாள் எழுதிய அதே பொலிஸ் நிலையத்தில் காட்டித்தான் லைசன்ஸை எடுக்க வேண்டும். உங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள களுவாஞ்சிகுடிப் பொலிஸில் கேட்டுப் பயனில்லை, அக்கரைப்பற்றுக்கே போங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

போகும்போது பஸ்ஸில் போங்கள். தாளின் காலம் முடிந்தபின் மோட்டார் சைக்கிளில் போனால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாக இன்னொரு வழக்கு.

28 நாளும் கடந்துவிட்டதா? அப்படியானால் தபால் கந்தோரில் காசு வாங்கமாட்டார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். பொலிஸ் நிலையத்தில் வழக்குத் திகதியைக் கேட்டு, அன்றைக்குத் தவறாமல் போய் நில்லுங்கள்.