விற்பதற்கு முன் வீட்டைப் புதுப்பித்தால் விலை கூடுமா?

வேளச்சேரியில் இருக்கும் பழைய ஃபிளாட்டை விற்கும் முன் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் போட்டால் போட்ட காசு திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுசாகத் திரும்பாது. சென்னையில் பழைய ஃபிளாட்டின் விலையைத் தாங்கிப் பிடிப்பது யுடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் வருடா வருடம் தேயும், மண் தேயாது. அப்புறம் கார் பார்க்கிங், தண்ணீர். வேளச்சேரி என்றால் 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் குறைவு.

நாங்கள் எங்கள் வீட்டில் பால்கனியை அடைத்து ஒரு குட்டி அறையாக்கி வைத்திருந்தோம். வாங்க வந்தவர்களிடம் பெருமையாகத்தான் காட்டினேன். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "துணி எங்கங்க காயப்போடுவீங்க?" என்றார். வங்கியிலிருந்து வந்த மதிப்பீட்டாளரோ, அங்கீகரித்த வரைபடத்தில் இல்லை என்று அதை அறையாகக் கணக்கில் சேர்க்கவே இல்லை. செலவு செய்தது தண்டம்.

செலவு செய்வதென்றால் பாத்ரூம் கசிவுக்குச் செய்யுங்கள். உங்கள் குளியலறைக்கு நேர் கீழே, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரத் திட்டு இருந்தால் பேரம் அங்கேயே சரியும். வாட்டர்ப்ரூஃபிங், ஒரு கோட் பெயின்ட், துருப்பிடித்த குழாய்களை மாற்றுவது, அவ்வளவு போதும்.

வாஸ்துப்படி ஆகாது என்று சொல்லும் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், கழிப்பறை இருக்கிறதா? இடிக்காதீர்கள். கழிவுநீர்க் குழாய் எல்லா மாடிக்கும் ஒன்றுதான், நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது. வாஸ்து பார்க்காதவர் வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.