சத்திரக்காரனைக் கொன்ற அத்தான்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 24, ஊர் தக்கலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மாடியில் நண்பர்கள் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். கதையை நடத்துவது நான், ஆடுவது ஐந்து பேர். உதயகிரிக் கோட்டை, சிதறால் மலை, கள்ளியங்காட்டு நீலி எல்லாம் வருகிற மாதிரி நானே எழுதிய கதை. பிரச்சினை என் அத்தை மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். விதிப்புத்தகமும் பகடைகளும் அவர் துபாயிலிருந்து வாங்கி வந்தவை. கதையில் வந்த சத்திரக்காரனைக் காரணமே இல்லாமல் குத்திக் கொன்றார். காவலர்கள் துரத்தியது, சிறை, தப்பித்தது என்று அன்றைய ஆட்டம் முழுக்க அதிலேயே போனது. சிதறாலில் கல்வெட்டைப் படிக்க ஆசைப்பட்ட நண்பனுக்கு நேரமே கிடைக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கூட்டாளியின் பையிலிருந்து திருடினார். கேட்டால், “என் கேரக்டர் அப்படிப்பட்டவன்” என்கிறார். மற்றவர்கள் முறை வந்தால் போனில் ரீல்ஸ் பார்க்கிறார். பகடை சரியாக விழாவிட்டால் சுவரில் எறிகிறார். அடுத்த வாரம் நீலியை வைத்து அவருடைய கேரக்டரை முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சொல்ல மறந்துவிட்டேன்: குழுவில் ஒரு தோழி உண்டு. நீலி வந்த காட்சியில் அத்தான் அடித்த சில கமெண்டுகளுக்குப் பிறகு அவள் இரண்டு வாரமாக வரவில்லை.
— பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: தம்பி, ‘சொல்ல மறந்துவிட்டேன்’ என்று தொடங்கும் வரியிலிருந்துதான் உங்கள் கடிதத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் பிள்ளைத்தனம். எரிச்சலூட்டும், ஆனால் சரிசெய்யலாம். கடைசி வரி வேறு வகை. அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள் என்பதே கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. அதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் புழங்கியவை போர் ஆட்டங்கள். ஆளுக்கு ஒரு படையை நடத்தி ஒருவரையொருவர் தோற்கடிக்க வேண்டும். இவர்கள் படையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு மனிதனைக் கையில் கொடுத்து, எல்லோரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தினார்கள். உங்கள் அத்தான் இன்னும் அந்தப் பழைய ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மற்ற நால்வரும் தன் கூட்டாளிகள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

இனி அந்தத் தோழி. நீலி இரவில் வழிமறித்துச் சுண்ணாம்பு கேட்கிறாள், அத்தான் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம், ஊகிக்க முடிகிறது. அவருக்கு நீலி என்ன பதில் சொன்னாள்? இந்த ஆட்டத்தில் நீலியின் குரல் உங்களுடையது. அவர் சொன்னதற்கு நீலியாக இருந்து ஒரு பதில் கொடுத்திருந்தால், அந்தப் பேச்சைக் கதையின் பகுதியாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம். பேசாமல் சிரித்து மழுப்பியிருந்தாலும் அதேதான். அவர் பேசியது நீலியிடம். காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த மாடியில் இருந்த ஒரே பெண். இத்தனைக்கும் நீலி யார்? நகைக்காகக் கொல்லப்பட்டு, பழிவாங்க யட்சியாகத் திரும்பி வந்தவள் என்று நம் பக்கத்தில் சொல்லப்படுகிறவள். அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்த உங்களுக்கு, எந்த இடத்தில் குறுக்கே பாய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அவளை இன்றைக்கே போனில் கூப்பிடுங்கள். “ஏன் வரவில்லை?” என்று கேட்க வேண்டாம், காரணம் உங்களுக்குத் தெரியும். “அத்தான் தமாஷுக்குச் சொன்னார்” என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அன்று நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை, இனி நிறுத்துவேன், அவரிடமும் பேசப்போகிறேன் — இவ்வளவு போதும். வருவதும் வராததும் அவள் இஷ்டம். வருகிறேன் என்று உடனே சொல்லாவிட்டால் வற்புறுத்தவும் வேண்டாம்.

நீலியை வைத்து அத்தானின் கேரக்டரை அடித்துப்போடும் திட்டம்: அதை விட்டுவிடுங்கள். படிக்கும்போது எனக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்ன நடக்கும்? அவர் ஒரு புதிய தாளை எடுத்து அரை மணி நேரத்தில் இன்னொரு கேரக்டரை எழுதிக்கொண்டு வருவார். அவனும் சத்திரக்காரர்களைக் குத்துவான். எதற்காகத் தண்டனை கிடைத்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. உங்களுக்குக் கோபம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். உருட்டும் ஒவ்வொரு பகடையிலும் அதற்குப் பிறகு சந்தேகம் வரும். மாடியில் உட்கார்ந்திருக்கும் மனிதரோடு உள்ள வழக்கை, தாளில் எழுதிய மனிதனைக் கொன்று தீர்க்க முடியாது.

“என் கேரக்டர் அப்படிப்பட்டவன்” என்பது உலகம் முழுக்க இந்த ஆட்டத்தில் கேட்கிற சாக்கு. அந்தக் கேரக்டரை எழுதியது யார்? விதிப்புத்தகமா? அவர்தானே? அவரிடம் சண்டை போடாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவ்வளவு மோசமானவனோடு மற்ற நால்வரும் ஏன் பயணம் செய்ய வேண்டும்?” அவரிடம் பதில் இருந்தால் நல்ல கதை ஒன்று கிடைக்கும். இல்லாவிட்டால், இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துபோகக் காரணம் உள்ள வேறொருவனை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். திருட்டுக்கு ஒரு எளிய விதி உண்டு, பல குழுக்களில் பின்பற்றுகிறார்கள்: ஒருவருடைய கேரக்டர் இன்னொரு கூட்டாளியின் கேரக்டரைத் தாக்கினாலோ அவனிடம் திருடினாலோ, அது பலித்ததா இல்லையா என்பதைப் பாதிக்கப்படுகிறவர்தான் சொல்வார். பகடை கிடையாது. பை பறிகொடுக்கப்போகிறவர், “நான் விழித்துக்கொண்டேன், கை மாட்டிக்கொண்டது” என்றால் மாட்டிக்கொண்டதுதான். திருடுகிற ஆசை ஒரே வாரத்தில் போய்விடும்.

சத்திரக்காரன் கொலை விஷயத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் குத்துப்பட்டுச் செத்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? காவலர்களை ஓடவிட்டீர்கள், சிறையைக் கட்டினீர்கள், தப்பிக்க வழியும் வைத்தீர்கள். அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த காட்சிகள் எல்லாம் அத்தானுக்குப் போய்ச் சேர்ந்தன. கல்வெட்டுக்கு முன்னால் நின்ற நண்பனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர் குறும்பு செய்ய, புலவர் ஒவ்வொரு தடவையும் கதையை நிறுத்தி அவருக்குப் பதில் பாடிக்கொண்டிருந்தால், கூட்டம் அன்றைக்குக் கேட்டுவிட்டுப் போவது குடக்காரரின் கதையைத்தான்.

அடுத்த தடவை அவர் கத்தியை உருவினால், பகடையைத் தொடுவதற்கு முன்பு கேளுங்கள்: “எதற்காக? இதிலிருந்து என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” பாதி நேரம் அவரிடம் பதில் இருக்காது, சும்மாதான் செய்திருப்பார். அப்போது, “அது நடக்கவில்லை, பின்னால் போவோம்” என்று சொல்லும் உரிமை நடத்துகிறவருக்கு உண்டு. எதற்குப் பகடை உருட்டலாம், எதற்கு உருட்ட வேண்டியதே இல்லை என்பதை முடிவு செய்வதும் நீங்கள்தான். பிறகு உடனே அந்த அமைதியான நண்பரிடம் திரும்புங்கள். சிதறாலில் இருப்பது சாதாரணச் சரக்கா? பாறையில் வெட்டிய சமணச் சிற்பங்கள், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்து. ஒருவர் அதைப் படிக்க ஆசைப்படுகிறார் என்றால், நடத்துகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பதினைந்துக்கு மேல் உருட்டினால் முழுவதும் புரியும்; குறைவாக விழுந்தால் நடுவில் ஒரு வரி மட்டும் தேய்ந்திருக்கும், அந்த வரியைத் தேடித்தான் அடுத்த வாரம் உதயகிரிக்குப் போக வேண்டியிருக்கும். இப்படி அவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். கவனம் எங்கே போகிறது என்று அத்தான் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வார். அவ்வளவு புத்தி இல்லாதவராகத் தெரியவில்லை.

போன் விஷயத்தில் நான் பாதி அவர் பக்கம். ஐந்து பேர் சண்டைக் காட்சியில் ஆளுக்கு நான்கு நிமிடம் எடுத்தால், தன் முறை திரும்ப வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரீல்ஸ் பார்க்காமல் என்ன செய்வார்? ஒருவர் ஆடும்போதே “அடுத்தது நீங்கள், யோசித்து வையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். சண்டையையும் சுருக்குங்கள். பகடையை எறிவதற்கு ஒரு தாம்பாளம் போதும்: அதற்குள் உருட்டினால்தான் கணக்கு. ஒன்று விழும் வாய்ப்பு எப்போதும் இருபதில் ஒன்று. சுவர் அதை மாற்றாது.

அவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம். வயதில் மூத்தவர், அத்தான், புத்தகமும் அவருடையது. வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், நாலு பேர் பார்க்கச் சொன்னால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார். வாரநாளில் ஒரு சாயங்காலம் பைக்கில் கூட்டிக்கொண்டு முட்டத்துக்குப் போங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். எல்லாப் புகாரையும் அவிழ்த்துக் கொட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று: “அத்தான், நீலி காட்சியில் நீங்கள் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. இனி அந்த மாதிரிப் பேச்சு என் ஆட்டத்தில் வேண்டாம்.” அவர் சிரிப்பார், “இதற்கெல்லாமா?” என்பார். “ஆமாம், இதற்குத்தான்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். அவளும் புகார் சொன்னாளா என்று கேட்டால், அவள் எதுவும் சொல்லவில்லை, எனக்கே கண் இருக்கிறது என்று சொல்லுங்கள். பழியை அவள் தலையில் போகவிடக் கூடாது. மற்றவற்றுக்கு, மேலே சொன்ன விதிகளே போதும்; தனியாகப் பேச வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வரும் ஞாயிறு, ஆட்டம் இல்லாமல் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். ஆட்டக்காரர்கள் இதை ‘செஷன் ஜீரோ’ என்பார்கள். தொடங்கும் முன்பே வைத்திருக்க வேண்டியது, நடுவில் வைத்தாலும் தவறில்லை. எந்த விஷயம் கதையில் வரவே கூடாது, எது வரலாம் ஆனால் திரைக்குப் பின்னால் நடந்ததாக ஒரு வரியில் முடித்துவிட வேண்டும் என்று எல்லோரையும் கேளுங்கள். வாயால் கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். துண்டுச்சீட்டில் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ என்று ஒன்றும் இருக்கிறது: எக்ஸ் குறி போட்ட ஒரு அட்டை நடுவில் இருக்கும், யாராவது தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே தாண்டிப் போய்விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் ஐந்து பேருக்கு நடுவில் இருக்கும் ஒரு பெண் எல்லோரும் பார்க்கக் கையை நீட்டி அந்த அட்டையைத் தொடுவாள் என்று நான் நம்பவில்லை. அதனால் முதலில் நீங்கள் தொடுங்கள். ஏதாவது சின்ன விஷயத்துக்கு, பாம்பு வரும் காட்சிக்காவது தொட்டுக் காட்டுங்கள். தொடுவது சாதாரணம் என்று ஆனால்தான் தேவைப்படுகிறவர் தொடுவார்.

இத்தனைக்குப் பிறகும் அதே பேச்சு வந்தால், அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்துங்கள். மறுநாள் நேரில் போய், அத்தான் இந்த ஆட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தை கேட்பார்கள், உங்கள் அம்மாவும் கேட்பார்கள். விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரியவர்களுக்குப் போதும். கல்யாணத்துக்கும் கொடைக்கும் எப்போதும் போலச் சேர்ந்து போங்கள். உறவு என்பதற்காக ஒரே ஆட்டத்திலும் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புத்தகமும் பகடையும் அவருடையவை என்பது உங்கள் தொண்டையில் நிற்பது தெரிகிறது. கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். உங்கள் சிதறால் கதைக்கு அது தாராளம். பகடை ஆன்லைனில் வந்து சேரும்வரை, ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.