மூன்றாம் நாளைத் தாண்ட வேண்டும்: பொயிலை விடப் போகும் மேசன் தம்பிக்கு

வலிகாமம் பக்கத்திலிருந்து 44 வயது மேசன் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பதினெட்டு வயதில் கூலிக்குப் போன இடத்தில் பழகிய வெற்றிலை, இன்றைக்குப் பொயிலையோடு நாளுக்குப் பத்து வாய். இந்த வருஷம் இரண்டு தரம் விட்டுப் பார்த்தாராம். இரண்டு தரமும் இரண்டாம் நாள் பின்னேரமே தலையிடி, வேலையில் கை நிற்கவில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார், வயிறு போகவில்லை, இரவு நித்திரையும் இல்லை. மூன்றாம் நாள் விடிய மனிசியே கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்திருக்கிறார். இப்போது மூன்று கேள்வி கேட்கிறார். ஒரேயடியாக விட்டால் உடம்புக்கு ஏதும் ஆகிவிடுமா? பொயிலையை மட்டும் விட்டுவிட்டு வெறும் வெற்றிலை பாக்குப் போடலாமா? 15,000 ரூபாவுக்கு ஒரு தூள் தருகிறார்கள், மூன்று நாளில் பொயிலையே வெறுத்துப்போகும் என்கிறார்கள், வாங்கலாமா? கடைசி வரியில், யாரும் கேட்காமலே, இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் அவர் தொடுவதே இல்லையாம்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கான பதில் அந்தக் கடைசி வரியில்தான் கிடக்கிறது. பொயிலையில் உள்ள நிக்கொட்டின் உடம்பிலிருந்து இறங்கத் தொடங்கிய சில மணித்தியாலத்திலேயே அந்தரம் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும், இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் சஷ்டிக்கு ஆறு நாள் இருந்திருக்கிறீர்கள் என்றால் மலையின் உச்சியை ஏற்கனவே ஒவ்வொரு வருஷமும் தாண்டியிருக்கிறீர்கள். அப்புறம் ஏழாம் நாள் பாறணைச் சாப்பாடு முடிந்த கையோடு யாரோ வெற்றிலைத் தட்டத்தை நீட்ட, திரும்ப அடிவாரத்துக்கே வந்துவிடுகிறீர்கள். அந்த ஏழாம் நாள் உடம்பு உங்களைக் கெஞ்சவில்லை, தட்டம் கண்முன் இருந்தது, அவ்வளவுதான்.

சஷ்டிக்கு முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியவில்லை என்று யோசித்துப் பாருங்கள். விரதம் என்று ஊருக்கே தெரியும், ஒருத்தரும் நீட்டமாட்டார்கள், வீட்டில் பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கிளாசும் மேலே ஏறிவிடும், பின்னேரம் கோயில், வேலையும் குறைவு. இந்த ஏற்பாட்டைத்தான் வேண்டுமென்று செய்ய வேண்டும். மனத்தைரியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தச் சொல்லில் பெரிய நம்பிக்கை இல்லை. முப்பது வருஷமாக வாய்களைப் பார்க்கிற பல் வைத்தியனாகச் சொல்கிறேன், விட்டவர்களில் அதிகம் பேர் தைரியசாலிகள் இல்லை, மடியில் வெற்றிலைச் சரை இல்லாதவர்கள்.

ஆகவே இன்றைக்கே ஒரு நாளைக் குறியுங்கள். கொங்கிரீட் போடுகிற நாளுக்கு முதல் நாள் வேண்டாம். இரண்டு மூன்று நாள் வேலை இலேசாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். அதுவரை இருக்கிற ஒரு கிழமையில் பத்து வாயை ஐந்தாக்குங்கள், பொயிலைத் துண்டையும் சின்னதாக்குங்கள், முக்கியமாக இரவில் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு படுக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். குறித்த நாளன்று முழுதாக விட வேண்டும். "ஒரு வாய் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு" என்று மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே போனவர்கள் திரும்பப் பத்துக்குப் போனதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

உடம்புக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. தலையிடி, எரிச்சல், பசி, நித்திரைக் குழப்பம், மலச்சிக்கல் எல்லாம் நிக்கொட்டின் இல்லாத உடம்பு தன்னைச் சரிப்படுத்துகிற சத்தம். வயிறு போகாததற்குக் காரணம், இவ்வளவு காலமும் குடலைத் தள்ளிக்கொண்டிருந்தது பொயிலை. விடிய எழும்பியதும் இரண்டு கிளாஸ் தண்ணீர், இரவு பப்பாசிப்பழம், கீரை, வெயிலில் நிற்கிறவர் என்றபடியால் பகலிலும் போத்தல் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தலையிடிக்கு பரசிற்றமோல் இரண்டு குளிசை போடலாம், நாள் முழுக்கப் போட வேண்டாம்.

அந்தரம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இராது. அது அலை மாதிரி, ஒரு தரம் எழும்பினால் ஐந்து பத்து நிமிஷம், பிறகு தானாக விழும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு வாய்க்கு ஒரு வேலை வேண்டும். சேர்ட் பொக்கற்றில் பெருஞ்சீரகம், ஒரு கராம்பு, ஏலக்காய் வைத்திருங்கள். எல்லாவற்றிலும் நல்லது புழுக்கொடியல். கடித்து, சப்பி, மென்று முடியப் பத்து நிமிஷம் போய்விடும், அலையும் விழுந்துவிடும். பல் ஆடுகிறவர்கள், வாயில் புண் உள்ளவர்கள் மட்டும் கராம்பையும் புழுக்கொடியலையும் விட்டுவிட்டுப் பனங்கட்டித் துண்டோடு நிற்கட்டும். பத்து மணித் தேத்தண்ணியோடுதான் உங்கள் ஆட்கள் எல்லாரும் மடியை அவிழ்ப்பார்கள், அது எனக்குத் தெரியும். முதல் ஒரு கிழமை தேத்தண்ணியை வேறு இடத்தில் நின்று குடியுங்கள், அல்லது மல்லித்தண்ணி கொண்டுபோங்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், "நான் விட்டிட்டன், எனக்கு நீட்டாதையுங்கோ" என்று. சொல்ல வெட்கப்பட்டுத் தோற்றவர்கள் பலர்.

சரி, இரண்டாவது கேள்வி. வெறும் வெற்றிலை பாக்கு. இதுதான் நம் ஊரில் மிகப் பெரிய ஏமாற்று. பொயிலை கெட்டது, பாக்கு மங்கலப் பொருள், தாம்பூலம், அதனால் ஒன்றும் செய்யாது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டே அறிவித்துவிட்டது. பொயிலை இல்லாமல் போட்டாலும்தான். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் எங்கள் வைத்தியசாலைக் கொப்பிகளில் "பொயிலையை நிறுத்தவும்" என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். பாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை, எப்படி நிறுத்துவது என்று அரை வரிகூட இல்லை. சுவரில் சிகரட்டுக்கு எதிராகப் பெரிய படம் தொங்கும், அதற்குக் கீழே வாங்கில் இருப்பவர் கொடுப்பில் வெற்றிலையோடு இருப்பார், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். இந்த நிலையில் இப்படி நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாக்கிலும் தனியாக ஒரு போதை உண்டு. போட்டதும் உடம்பு சூடாகி வியர்க்கிறதே, அது பாக்கின் வேலை. சுண்ணாம்பு அந்தப் போதையையும் நிக்கொட்டினையும் வாய்த்தோலுக்குள்ளால் சுறுக்காக ஏற்றிவிடுகிறது. பாக்கை வைத்துக்கொண்டு பொயிலையை விடப் பார்த்தால், கை, வாய், தட்டம், கடை எல்லாம் அப்படியே இருக்கும், ஒரு நாள் யாரோ ஒரு துண்டு கிள்ளித் தருவார்கள், முடிந்தது. பொயிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் ஒரே நாளில் விடுங்கள். வெற்றிலை இலையில் எனக்குக் கோபமில்லை, ஆனால் வெறும் இலையை யாரும் சப்பிக் கண்டதில்லை.

கடைகளில் "பொயிலை இல்லாத மூலிகைப் பீடா" என்று பளபளக்கும் பைக்கற்றைக் காட்டுவார்கள், உள்ளே இருப்பது பாக்குத்தான். பாக்கையும் பொயிலையையும் கலந்த மாவா விற்கிறவன் இதைவிட மோசம். பொயிலைக் கலவைகளைச் செய்வதும் விற்பதும் 2016இலிருந்து இந்த நாட்டில் தடை, ஆனால் ரியூசன் கொட்டிலுக்கு இரண்டு வளவு தள்ளி மடித்துக் கொடுக்கிறார்கள். பிடிபடுகிறவன் தண்டம் கட்டிவிட்டு அடுத்த கிழமை அதே இடத்தில் நிற்கிறான். உங்கள் கூட வேலை செய்யும் சின்னப் பொடியன்கள் "அண்ணை, இது சும்மா" என்று நீட்டினால் வாங்காதீர்கள், முடிந்தால் அவர்களையும் ஏசுங்கள். சிகரட்டுக்கும் மூக்குப்பொடிக்கும் மாறுவதும் விடுவது ஆகாது.

இனித் தூள். வேண்டாம் தம்பி. 15,000 ரூபா உங்களுக்கு எத்தனை நாள் சம்பளம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தூள்க்காரர் உங்களை நேரே தேடி வருவதில்லை, முதலில் ஒரு ஆள் வருவார், தனக்கு விட்டது என்பார், தன் மச்சானுக்கு விட்டது என்பார், ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போவார், அந்த 15,000இல் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பெட்டியில் பெயர் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. "சோற்றில் கலந்து கொடுங்கோ, அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று மனைவிமாரிடம் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு மனிதனுக்குத் தெரியாமல் அவன் சோற்றில் எதையும் கலக்கக் கூடாது, அது எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும். இப்படி ஒரு தூளை வாயில் அடக்கச் சொன்னதாக ஒரு ஐயா என்னிடம் வந்தார், கொடுப்புத் தோல் வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது, மூன்று நாள் கஞ்சியும் குடிக்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் அவர் வெற்றிலை போடவில்லை என்பது உண்மைதான், வாய் திறந்தால்தானே போட. அதைத்தான் "வெறுத்துப்போகும்" என்று விற்கிறார்கள். மூன்று நாளில் பலன் என்று அவர்கள் சொல்லும் கணக்கையும் கவனியுங்கள்: மூன்று நாள் எதையும் தொடாமல் இருந்தால் தூள் இல்லாமலே உச்சம் கடந்துவிடும்.

உதவி வேண்டுமென்றால் நேர்மையான வழி இருக்கிறது. 1948 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் ஆலோசனை இலக்கம் அது. நிக்கொட்டின் சூயிங்கமும் உண்டு. உங்கள் வைத்தியரிடம் கேட்டுத்தான் பாவிக்க வேண்டும், வெற்றிலை மாதிரி மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிவும்தான் மிஞ்சும். மெதுவாக நாலைந்து தரம் கடித்து, காரம் தெரிந்ததும் கொடுப்பில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் திரும்பக் கடிக்க வேண்டும். அதற்குக் கால் மணித்தியாலம் முன்னால் தேத்தண்ணி, ஜூஸ் ஒன்றும் கூடாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன "ஒரேயடியாக விடுங்கள்" பொருந்தாது, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சனிக்கிழமைகளில் மட்டும் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இல்லை. ஆனால் தினமும் சாராயமோ கசிப்போ குடிக்கிற ஒருவர், பொயிலை விடுகிற அதே நாளில் குடியையும் சேர்த்து ஒரேயடியாக விடக் கூடாது. பொயிலையை விட்டால் எரிச்சல் வரும், உயிர் போகாது. தினக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் காண்பது, இல்லாத குரல் கேட்பது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே வரும், அதனால் சனம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. நல்லூர்க் கொடியேற்றத்தன்று எல்லாவற்றையும் விடுகிறேன் என்று நேர்ந்துகொண்ட ஒருவர் மூன்றாம் நாள் இரவு வலிப்பு வந்து விழுந்தார், வீட்டுக்காரர் பேய் என்று விபூதி போட்டுக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறார்கள். அவர் தப்பியது அதிர்ஷ்டம். குடி தினமும் என்றால் முதலில் வைத்தியசாலைக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள், மருந்தோடு அவர்கள் இறக்குவார்கள். பொயிலையை இன்றைக்கே விடலாம், அதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. நேர்த்தியில் குடியை மட்டும் தனியாகப் பிரித்துவிடுங்கள், முருகன் கோபிக்கமாட்டார்.

இன்னொன்று, விடுகிற நாளுக்குக் காத்திராமல் இன்றைக்கே செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இரண்டு கொடுப்பையும் நாக்கின் பக்கங்களையும் பாருங்கள். துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் தடம், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், உறைப்பு பட்டாலே எரிவு, உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்து அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்குக்குப் போங்கள். நீண்ட வரிசை, ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். போங்கள்.

மனிசிக்கும் ஒரு சொல். தங்கச்சி, அந்த மூன்றாம் நாள் விடிய நீங்கள் கடைக்குப் போனது பாசத்தால்தான், ஆனால் இந்த முறை போகாதீர்கள். அவர் கத்தினால் பதில் சொல்லாமல் மல்லித்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வளவில் பத்து நிமிஷம் இருந்துவிட்டு வாருங்கள். பாக்குவெட்டியை அதற்கு முதல் நாளே அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.