காணிக்கைப் பை வீட்டுக்கு வரக் கூடாது

கேள்வி: எங்கள் கிராமத்துக் கிறிஸ்தவத் திருச்சபையில் ஆறு வருஷமாக நான்தான் பொருளாளர். பிழைப்புக்கு எலக்ட்ரிக்கல் கடை. ஞாயிறு காணிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து இரவில் எண்ணுவேன். இருப்பு குறைந்தால் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவேன். இப்போது காதுபடவே பேசுகிறார்கள். ‘கடையைப் பாருங்க, இது போதும்’ என்கிறாள் மனைவி. விலகினால் ஊழியத்தை விட்டு ஓடினதாகுமா?
- வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஆகாது, விலகலாம். ஆனால் இந்த ஞாயிறே சாவியை நீட்டினால், மெல்லுகிற வாய்க்கு நீங்களே அவல் போட்டதாகிவிடும். மூன்று மாதம் பொறுத்து, முறையை மாற்றிவிட்டுக் கைமாற்றுங்கள்.

முதலில் அந்தக் கைக்காசு. நீங்கள் தாராளம் என்று நினைக்கிறீர்கள். கணக்கில் அது பொய்ப் பதிவு. 40 ரூபாய் குறைந்தால் குறைவு 40 என்றே எழுதுங்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: பையிலிருந்தே பூக்காரருக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், வவுச்சர் போட மறந்திருப்பீர்கள்.

ஆராதனை முடிந்த கையோடு வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறையில்), கதவைத் திறந்து வைத்து எண்ணுங்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் எண்ணட்டும்; நீங்கள் எண்ணவே கூடாது, எண்ணியதை வாங்கிக்கொள்வதோடு சரி. சங்கக் காணிக்கை (சபையார் கொடுக்கும் சந்தா), ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) கவர்கள் எத்தனை என்று திறக்குமுன் எழுத வேண்டும். மேலே எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் வேறுபட்டால், அந்தக் கவரிலேயே குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். 500, 200, 100 என்று நோட்டுவாரியாக ஒரு தாள். கார்பன் பிரதி குருவானவருக்கு. பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவிகள் வெவ்வேறு இரண்டு வீட்டில். திங்கட்கிழமை மொத்தமும் அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். சில்லறைச் செலவுக்கு 2,000 ரூபாய் முன்பணம் தனியே இருக்கட்டும். அப்போதுதான் எண்ணிக்கைத் தாளும் வங்கிச் சீட்டும் ஒரே தொகையைக் காட்டும். தணிக்கைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். க்யூஆர் அட்டை சபைக் கணக்கோடுதான் இணைந்திருக்க வேண்டும், உங்கள் செல்போன் எண்ணோடு அல்ல.

பேச்சு கிளம்புகிற இடம் ஞாயிறு காணிக்கையைவிட அறுப்பின் பண்டிகை ஏலம்தான், விளைச்சல் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவது. ஒரு எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போகும். கேட்டவர் உற்சாகத்தில் கேட்டிருப்பார்; பணம் கிறிஸ்துமஸ் தாண்டியும் வராது. பொருளாளர் வாங்கிக்கொண்டார் என்று ஊர் நினைக்கும். ஏலம் கூற ஒருவர், எழுத ஒருவர், வசூலிக்க ஒருவர் வேண்டும். பொருள், பெயர், தொகை, ரசீது எண், தேதி என்று ஐந்து பத்தி போட்ட நோட்டு போதும். பாக்கிப் பட்டியலை மாதாமாதம் கமிட்டியில் வையுங்கள்.

இதெல்லாம் அவநம்பிக்கை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் அப்போஸ்தலர் பவுல் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). அதே பவுல் கொரிந்துவில் கூடாரத் தொழிலும் செய்தார். சொந்த வீட்டாரைக் கவனிக்காதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 சொல்வது கடுமையானது. கடையைப் பார்ப்பதும் உங்கள் கடமைதான். எருசலேமில் பந்திவிசாரணைக்கே, அதாவது சாப்பாடு பரிமாறுவதைக் கவனிக்கவே, ஏழு பேரை வைத்தார்கள், நீங்கள் ஒற்றை ஆளாக ஆறு வருஷம் இழுத்திருக்கிறீர்கள்!

அடுத்தவரைக் கமிட்டி இப்போதே தெரிந்தெடுக்கட்டும். மூன்று மாதமும் அவர் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். ஒப்படைக்கும் நாளில் ரொக்கப் புத்தகம், பாஸ்புக், வைப்புநிதி ரசீதுகள், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களின் எண்கள் எல்லாவற்றையும் எழுதி மூன்று பிரதி எடுங்கள். கமிட்டித் தீர்மானத்தின் நகல் இல்லாமல் வங்கியில் கையெழுத்தை மாற்ற மாட்டார்கள். அதை முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.