மறுபடி பூக்கும் டேலில்லி: கேள்விகளும் பதில்களும்

டொராண்டோவில் என் வீட்டைச் சுற்றி 16 ஆண்டுகளாக டேலில்லி என்ற பல்லாண்டுப் பூச்செடியை வளர்த்து வருகிறேன். ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பூக்கும் வகைகளைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு, என் தோட்டத்தில் பார்த்ததையும் படித்தறிந்ததையும் கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்கார்பரோ): அம்மா, எங்கள் ‘ஸ்டெல்லா டி ஓரோ’ வகை டேலில்லி ஜூன் கடைசியில் மூன்று வாரம் நிறையப் பூத்தது. அதன்பின் ஒரு மொட்டுக்கூட இல்லை. பனி விழும்வரை பூக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். செடி போலியாக இருக்குமோ?

பதில்: பெரும்பாலும் செடி உண்மையானதுதான், விற்றவர்களின் சொல்தான் மிகையானது. டேலில்லியின் ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரு நாள். ஒரு பூந்தண்டில் உள்ள மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து தீர்ந்ததும் அந்தத் தண்டின் வேலை முடிந்துவிடுகிறது; அது மறுபடி துளிர்ப்பதில்லை. மறுபூப்பு என்று நாம் சொல்வது, தூரிலிருந்து புதிய பூந்தண்டு எழுவதையே. அதற்குச் செடி முதல் பூப்பு முடிந்த கையோடு புதிய இலைகளை விட்டு, வேரில் உணவைச் சேர்த்து, மீண்டும் வலுப்பெற வேண்டும். அப்படி வலுப்பெற வேண்டிய ஜூலை மாதத்தில்தான் நம் ஊரில் வெயில் ஏறி மண் காய்கிறது. பூ முடிந்துவிட்டதே என்று நாமும் அப்போதுதான் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுகிறோம். உங்கள் செடிக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கக்கூடும். இவ்வகையை உருவாக்கிய வால்டர் ஜப்லோன்ஸ்கி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தவர். 1975இல் பதிவு செய்யப்பட்ட இந்தச் செடி, டேலில்லிக்குரிய மிக உயர்ந்த விருதான ஸ்டவுட் வெள்ளிப் பதக்கத்தை 1985இல் பெற்றது. மீண்டும் பூக்கும் ஆற்றல் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. அந்த ஆற்றல் வெளிப்படுவதும் மறைந்து கிடப்பதும் ஜூலையில் நாம் செய்யும் பராமரிப்பைப் பொறுத்தது.

கேள்வி (மிசிசாகா): வாடிய பூக்களைத் தினமும் கிள்ள வேண்டுமா? தண்டை எப்போது வெட்டுவது?

பதில்: தினமும் கிள்ளுவது கண்ணுக்கு அழகு. செடிக்கு அவசியமானது வேறொன்று: காய் பிடிக்க விடக்கூடாது. பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாக ஒரு சிறு உருண்டை பருக்கத் தொடங்கினால், விதையை முற்றவைப்பதற்காகச் செடி தன் வலுவை அங்கே செலவிடுகிறது. ஆகவே பூவைக் கிள்ளும்போது இதழை மட்டும் இழுக்காமல், அடியிலுள்ள சூல்பகுதியையும் சேர்த்து ஒடித்துவிடுங்கள். அருகிலுள்ள மொட்டு முறியாதபடி மற்றொரு கையால் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி மொட்டும் பூத்து முடிந்தபின் தண்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டலாம். இலைகளைக் கோடையில் ஒட்ட வெட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு; உணவு தயாரிப்பவை அவையே ஆதலால், பழுத்த இலையை மட்டும் உருவி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி (பிராம்டன்): எவ்வளவு தண்ணீர், என்ன உரம்?

பதில்: மழையையும் சேர்த்து வாரத்திற்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் தண்ணீர் மண்ணில் இறங்க வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரத்திற்கு ஓரிரு முறை காலையில் வேரடியில் நன்றாக ஊறும்படி விடுவதே பயன் தரும். விரிந்த பூவின்மேல் தண்ணீர் பட்டால் இதழில் கறை விழும். மண்ணின்மேல் இரண்டு அங்குல மூடாக்கு இட்டால் ஈரம் தங்கும், ஆனால் மூடாக்கை இலைகளின் அடியோடு நெருக்கி அணைத்துவிட வேண்டாம். அங்கே ஈரம் தேங்கினால் இலையும் வேரும் சேரும் கழுத்து அழுகும்.

உர விஷயத்தில் நான் ஒருமுறை தவறு செய்தேன். புல்வெளிக்கு இடும் தழைச்சத்து மிகுந்த உரத்தையே டேலில்லிப் பாத்திக்கும் தூவினேன். அந்த ஆண்டு இலைகள் கரும்பச்சையாகச் செழித்தன, பூந்தண்டுகளோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்தன. அதற்குப் பிறகு, குருத்து எழும் ஏப்ரலில் மக்கிய தொழு உரத்தை ஒரு விரல் ஆழத்திற்கே பரப்புகிறேன். முதல் பூப்பு முடிந்தவுடன் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள சமச்சத்து உரத்தைக் கொஞ்சமாக இட்டு நிறையத் தண்ணீர் விடுகிறேன். இரண்டாம் பூப்புக்குத் துணை நிற்பது இந்த இரண்டாவது உரமே.

கேள்வி (மார்க்கம்): அக்கா, எங்கள் தூர் ஏழெட்டு ஆண்டுப் பழையது. வரவரப் பூ குறைகிறது. பிரித்து நடலாமா?

பதில்: கட்டாயம் பிரிக்க வேண்டும். நெல் தூர் கட்டுவதுபோல டேலில்லியும் பக்கவாட்டில் விசிறி விசிறியாக, அதாவது விசிறிபோல் விரிந்த தனித்தனி இலைக்கொத்துகளாக, பெருகிக்கொண்டே போகும். நடுப்பகுதி நெருக்கமாகி, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீருக்கும் சத்துக்கும் போட்டியிடும் நிலை வந்தால் செடி முதலில் கைவிடுவது மறுபூப்பைத்தான். மறுபடி பூக்கும் வகைகளை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

நம் பகுதியில் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை நல்ல காலம். மண் உறைவதற்குள் வேர் பிடிக்க ஐந்தாறு வாரமாவது கிடைக்க வேண்டும். தூரைச் சுற்றித் தள்ளித் தோண்டி, மொத்தமாகத் தூக்கி, குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கழுவினால் எந்த விசிறிக்கு எந்த வேர் என்பது தெரியும். கையால் ஆட்டிப் பிரிய மறுக்கும் இடத்தில் மட்டும் கத்தி வையுங்கள். ஒரு பங்கில் இரண்டு மூன்று விசிறிகளாவது இருக்கட்டும். ஒற்றை விசிறியும் பிழைக்கும் என்றாலும், நிறையப் பூப்பதற்கு நாளாகும். இலையை ஆறு அங்குலமாகக் குறைத்து, குழியில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, வேர்களை அதன் சரிவில் பரப்பி, இலையும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்கு ஓர் அங்குலத்திற்கு மேல் கீழே போகாதபடி நடுங்கள். ஆழப் புதைந்த செடி இலை விடும், பூக்கத் தயங்கும். இடைவெளி ஒன்றரை அடி போதும். அடுத்த ஆண்டு பூ சற்றுக் குறைந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி (ஹூஸ்டன்): எங்கள் ஊரில் குளிர்காலமே பேருக்குத்தான். டொராண்டோவில் பூக்கும் வகைகள் இங்கே சரிப்படுமா? மேலும், இலையின் அடிப்புறத்தில் தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறப் பொடி காணப்படுகிறது.

பதில்: டேலில்லிகளில் குளிர்காலத்தில் முழுவதும் அடங்கி உறங்குபவை, ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பவை, இடைப்பட்டவை என மூன்று இயல்புகள் உண்டு. ‘ஸ்டெல்லா டி ஓரோ’வும், அதன் வழித்தோன்றலாக டேரல் ஆப்ஸ் உருவாக்கி 1986இல் பதிவான வெளிர்மஞ்சள் ‘ஹாப்பி ரிட்டர்ன்ஸ்’ வகையும் உறங்கும் இயல்பின. குளிர் போதாத ஊரில் இத்தகையவை ஆண்டுக்காண்டு மெலியக்கூடும். நீங்கள் பசுமை மாறாத வகைகளில் மறுபடி பூப்பவற்றைத் தேடுங்கள்; உங்கள் பகுதியிலேயே வளர்த்து விற்பவரிடம் வாங்குவது இன்னும் நல்லது. கோடை உச்சத்தில் அவை ஓய்ந்து நின்று, வெயில் தணிந்தபின் மறுபடி தண்டு விட்டால் அது இயல்பே.

அந்தப் பொடி துரு நோயின் அறிகுறி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை இது. உயிருள்ள இலையில்தான் வாழும் ஆதலால், இலைகள் முற்றிலும் மடியும் எங்கள் குளிர்காலத்தை அது தாண்டுவதில்லை. உங்கள் ஊரில் தாண்டிவிடும். பாதித்த இலைகளை அடியோடு வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடிகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும், இலைமேல் தண்ணீர் படவேண்டாம். துரு நோயால் செடி சாவது அரிது.

கேள்வி (ஏஜாக்ஸ்): மேப்பிள் மர நிழலில் வைக்கலாமா?

பதில்: செடி இருக்கும், இரண்டாம் பூப்பு இராது. ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

கேள்வி (நியூ ஜெர்சி): வீட்டில் பூனை வளர்க்கிறோம். ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: உண்டு. டேலில்லி உண்மையான லில்லி இனத்தைச் சேர்ந்ததன்று என்றாலும், பூனைக்கு அதுவும் நஞ்சே. இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் சிறுநீரகம் செயலிழக்கும். பூனை வெளியே உலாவுமானால் இந்தச் செடியை நட வேண்டாம் என்பதே என் கருத்து. தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ): தவறவிட்ட ஒரு காயில் கருப்பு விதைகள் கிடைத்தன. அவற்றை விதைத்தால் அதே ஸ்டெல்லா வருமா?

பதில்: வராது. இந்த வகைகள் கலப்பினமாதலால், ஒவ்வொரு விதையும் நிறத்திலும் உயரத்திலும் பூக்கும் காலத்திலும் வேறுபடும். மறுபூப்பு இல்லாமலும் போகலாம். அதே செடி வேண்டுமானால் தூர் பிரிப்பதே வழி. ஆயினும் விதைத்துப் பாருங்கள். ஈரத்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் வைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் கன்றுகளை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது மட்டும், ஸ்டெல்லா என்று பெயர் சொல்லாமல் விதைக்கன்று என்றே சொல்லிக் கொடுங்கள்.