2020-ல் கொரோனா ஊரடங்கால் ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்கான வேலைத் திட்டத்தில் தமிழ்நாடு ஏன் இல்லை?

நீங்கள் கேட்பது கரீப் கல்யாண் ரோஜ்கார் அபியான். 2020 ஜூன் 20 அன்று பிரதமர் காணொளி மூலம் தொடங்கிவைத்தது. 25,000 பேருக்கு மேல் திரும்பி வந்த மாவட்டங்களைத்தான் எடுத்தார்கள். ஆறு மாநிலங்களில் 116 மாவட்டங்கள் தேறின. பீகாரில் மட்டும் 32. தமிழ்நாடோ வெளிமாநில ஆட்கள் வந்து வேலை பார்க்கும் இடம். திருப்பூரிலிருந்து கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்தது பீகார் போன்ற மாநிலங்களுக்குத்தானே.

125 நாளைக்குக் கிணறு, சாலை, மாட்டுக்கொட்டகை, பஞ்சாயத்துக் கட்டடம் என்று 25 வகை வேலைகள். 50,000 கோடி ரூபாய் என்றார்கள். சரி, ஆனால் அது புதுப் பணம் இல்லை. ஏற்கெனவே இருந்த திட்டங்களின் நிதியை ஒன்றாக்கி, சீக்கிரம் செலவழிக்கச் சொன்னார்கள். தையல் மெஷினில் பழகிய கைக்கு மண்வெட்டி எவ்வளவு நாள் ஒத்துப்போகும் என்பது வேறு கேள்வி.