ஜெபிக்க உட்கார்ந்தாலும் படபடப்பு

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 41. தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. கணவருக்குக் கப்பலில் வேலை. மகன் பத்தாம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை. தினமும் காலை நாலரைக்கு எழுந்து முழங்கால் போடுவேன். 'பிதாவே' என்று சொல்லி முடிப்பதற்குள் திருத்தாத பரீட்சைத் தாள், சீட்டுப் பணம், மாமியாரின் இன்சுலின் என்று மனசு ஓடிவிடும். நெஞ்சு படபடக்கும். போன வாரம் குக்கர் விசில் சத்தத்துக்கே அழுதுவிட்டேன். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்காவிடம் சொன்னதற்கு, "விசுவாசம் குறைஞ்சுபோச்சு, இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து ஜெபி" என்றார்கள். இப்போது மூன்றரைக்கே எழுகிறேன். படபடப்பு கூடித்தான் இருக்கிறது. என் ஜெபத்தில் என்ன குறை ஐயா?

அன்பான சகோதரிக்கு,

முதலில் ஒரு கேள்வி. இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? இத்தனை வேலைக்கு நடுவில் பதினொன்றுக்கு முன் முடியாது என்றே நினைக்கிறேன். அப்படியானால் நாலரை மணி நேரம்கூடத் தூக்கம் இல்லை. படபடப்பு வராமல் என்ன செய்யும்?

வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்டவர், யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவே இல்லை. தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் அப்புறம்தான். 1 இராஜாக்கள் 19ஐ இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள்.

ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். பத்து நிமிட ஜெபம் ஆண்டவருக்குக் குறைவாகத் தெரியாது. மனசு இன்சுலினுக்கு ஓடினால் அதையே சொல்லுங்கள்: "ஆண்டவரே, மருந்து தீரப்போகிறது, பயமாக இருக்கிறது." சங்கீதக்காரன் இப்படித்தான் பேசினான். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

வகுப்புக்கு நடுவே படபடப்பு வந்தால், மூச்சை இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பர்", விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்" என்று மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். விடும் மூச்சு இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். அப்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்கும்.

தைராய்டும் ரத்த அளவும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கோளாறாலும் ரத்தசோகையாலும் படபடப்பு வரும். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் இல்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 14416க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது, இலவசம், தமிழில் பேசுவார்கள். கணவர் போனில் "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடாதீர்கள். எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள்.

அந்த அக்கா அன்பில்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை மாமியாருடன் இரண்டு மணி நேரம் வந்து இருக்க முடியுமா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள்.